மூக்கு எழுதிய புகார்

1

பக்கத்து வீடு மறுபடியும் வாடகைக்கு வந்திருக்கிறது. விளம்பரத்தை மகன்தான் கைப்பேசியில் அனுப்பினான். "உங்க ஃப்ளோர்தானே ப்பா?" என்று கேட்டிருந்தான். படங்களில் அந்த வீடு எங்கள் வீட்டைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ரயில் நிலையம் அருகில், மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை அருகில், அமைதியான அண்டை வீட்டார் என்று வரிசையாக எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: லைட் குக்கிங் மட்டும்.

அந்தக் கடைசி வரி அங்கே வரக் காரணம் நான். அமைதியான அண்டை வீட்டாரும் நான்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். சிங்கப்பூரின் வாடகை விளம்பரங்களில் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல் இது. தண்ணீர் கொதிக்க வைக்கலாம், முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் போட்டுக்கொள்ளலாம். தாளிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, மசாலா என்ற பேச்சே கூடாது. சிலர் இந்தத் தயவுகூட இல்லாமல் 'நோ குக்கிங்' என்றே போட்டுவிடுவார்கள். யாரை வர வேண்டாம் என்கிறார்கள் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். இனத்தின் பெயரை எழுதினால் வம்பு வரும் என்பதால் அடுப்பின் பெயரை எழுதுகிறார்கள். இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதித்திருக்கிறது. சங்கக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது அதே சொல் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்தில் தொங்குகிறது.

நீங்களும் சிரிக்க வேண்டாம். திருச்சியில் எங்கள் அப்பா மாடிப் போர்ஷனுக்கு மாட்டிய 'டு லெட்' பலகையின் கீழே 'சைவம் மட்டும்' என்று இருக்கும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னிடம்தான் தூரிகையைக் கொடுத்தார். நானும் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆசையாக எழுதினேன். சென்னையிலும் கோவையிலும் அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. தொங்கவிட்டவர்கள், அமெரிக்காவில் இருக்கும் தங்கள் பிள்ளைக்கு யாராவது வீடு தர மறுத்தால் உடனே கொதித்துப்போவார்கள்.

2

நான் தொலைபேசிக் கேபிள் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தபோது லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல் அறையில் நான்கு பேர் தங்கினோம். சமைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கட்டிலுக்கு அடியில் ரைஸ் குக்கர் இருந்தது. சோறு வேகும்போது கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துண்டைச் செருகிவிடுவோம். குழம்பு வைக்க ஆசை வந்தால் மழைக்குக் காத்திருப்போம். மழை பெய்தால் வாடை வெளியே பரவாது என்று அறைவாசி ஒருவர் கண்டுபிடித்திருந்தார். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருநாள் கீழ்க் கடைக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். நாகூர்க்காரர். தகப்பனார் காலத்திலிருந்து இங்கே கடை வைத்திருந்தவர். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன தம்பி, யாரோ தாளிச்ச மாதிரி இருக்கே?"

"பக்கத்துக் கட்டடம் பாய்" என்றோம், நால்வரும் ஒரே குரலில்.

"அப்படியா. பக்கத்துக் கட்டடத்துல பெருங்காயம் கொஞ்சம் கூடிப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்று இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் மேலே வரவே இல்லை.

எனக்கு அவர் வாய்த்தார். பிரபுவுக்கும் தேன்மொழிக்கும் நான் வாய்த்தேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது சென்ற ஆண்டு. கணவன் மனைவி இருவரும் சிவகாசிப் பக்கம். பிரபுவுக்குச் சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் அலுவலக வேலை. தீவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தினமும் ரயிலில் போய்வந்தான். இவ்வளவு தூரத்தில் ஏன் வீடு பிடித்தாய் என்று தாழ்வாரத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"வேலைக்குப் பக்கத்துல எத்தனையோ வீடு பாத்தோம் அங்கிள். அடுப்பு பத்த வைக்கலாம்னு சொன்னது இந்த வீட்டு ஓனரம்மாதான்" என்றான்.

நான் அப்போது அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். லைட் குக்கிங்கைப் பற்றி என் மேடைப் பேச்சில் ஒரு பகுதியையும் பேசிக்காட்டினேன்.

சில மாதங்களில் தேன்மொழி கருவுற்றாள். மசக்கை கடுமையாக இருந்தது. உணவங்காடிப் பக்கம் போனாலே குமட்டியது. வெளிச் சாப்பாடு எதுவும் இறங்கவில்லை. மல்லி, மிளகு, சீரகத்தைத் தன் கையால் வறுத்துப் பொடித்து வைக்கும் ரசமும் சோறும் மட்டும் வயிற்றில் தங்கின. இதை என் மனைவி சரோஜா என்னிடம் சொல்லியிருந்தாள். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தேதான் செய்தேன்.

3

அதற்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் கோவிட் வந்துபோனது, இரண்டாம் முறையாக. எந்த மணமும் தெரியாமல் மூக்கு அடங்கிப்போனது. அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சரோஜாவுக்கு முழங்கால் அறுவை ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் இட்லி, இடியாப்பம், மோர்ச்சோறுதான். நெஞ்செரிச்சலால் காப்பியையும் விட்டிருந்தேன். முகர்ந்து பார்க்க வீட்டில் ஒன்றும் இல்லாதபோது மூக்கு இருந்தால் என்ன, போனால் என்ன.

பிறகு ஒரு காலையில் தாழ்வாரத்துப் பக்கம் இருக்கும் சமையலறை ஜன்னல் வழியாக அது வந்தது. ரப்பர் எரிவது போலவும் ஈரத்துணி அழுகுவது போலவும் ஒரு நாற்றம். பக்கத்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் நேரமெல்லாம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் நாறலையே. ரசவாசனைதான் வருது" என்றாள் சரோஜா.

"உனக்கு வயசாச்சு. மூக்கு போயிடுச்சு."

அவள் என்னைவிட இளையவள்.

மகன் வருகிறான் என்று ஒருநாள் அவளே எங்கள் அடுப்பில் வெங்காயம் வதக்கினாள். அதே நாற்றம். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். "பார், நம்ம சமையல்லயே வந்து ஏறுது" என்றேன். சாத்திய பிறகும் அடித்தது. முன்பே உள்ளே வந்து தங்கிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பொறியாளன் அல்லவா, எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பேன்.

பிரபுவிடம் கேட்டேன். "தம்பி, உள்ள என்ன எரிக்கிறீங்க?"

"எரிக்கலையே அங்கிள். மல்லி வறுத்தா. புகை வருதா? ஜன்னலச் சாத்திக்கச் சொல்றேன்."

அன்றிலிருந்து தேன்மொழி ஜன்னலை மூடிக்கொண்டு சமைத்தாள். இந்த ஊர் வெயிலில், வயிற்றுப் பிள்ளையோடு. நாற்றம் குறையவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

புகார் எழுதினேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், வீட்டு ஏஜென்டுக்கு ஒரு பிரதி. என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். பொதுச் சுகாதாரம், முதியோர், தொடர்ந்த பாதிப்பு என்று இங்கே எந்தச் சொல்லுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது தெரிந்தவன் நான். மூடிய ஜன்னலைப் படம் எடுத்து இணைத்தேன். நாற்றத்தைப் படம் எடுக்க முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

அந்த வாரமே ஓர் இளம் அதிகாரி வந்தார். தாழ்வாரத்தில் நின்று முகர்ந்தார். "அங்கிள், நார்மல் குக்கிங் ஸ்மெல் லா" என்றார், இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்து.

சரோஜாவைத் தவிர, இந்த விவகாரத்தில் தன் மூக்கைப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். நான் விடவில்லை. மேலிடத்துக்குப் போவேன் என்று ஏஜென்டுக்கு எழுதினேன். வெளிநாட்டில் இருக்கும் ஓனரம்மாவுக்குத் தகராறு வேண்டாம். ஒப்பந்தத்தில் இடமிருந்தது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி அவர்களுக்கு அறிவிப்புப் போய்விட்டது.

"குட் லா ப்பா. ரிப்போர்ட் பண்ணாதான் எதுவும் மாறும்" என்றான் மகன். அவன் வீட்டில் தாளிப்பதே இல்லை, சோபாவில் வாடை ஒட்டுமாம். பேத்தி எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி, "தாத்தா ஹவுஸ், சேம் ஸ்மெல்" என்பாள். முன்பெல்லாம் அது என்னைச் சுடும். அந்த மாதங்களில் சுடவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருப்பதாகக்கூட நினைத்தேன்.

4

நான் சிங்கப்பூரில் இறங்கிய நாளை நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் கொண்டாடுவோம். லிட்டில் இந்தியாவில் ஒரு தோசை, ஒரு காப்பி. அன்று மட்டும் நெஞ்செரிச்சலுக்கு விடுமுறை.

ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறியதும் பூக்கடை. மல்லிகை மணத்தது, சரியாகவே மணத்தது. நான்கு கடை தாண்டியதும் அந்த நாற்றம் சுவர் போல எதிரே வந்து நின்றது. மசாலா அரைக்கும் கடை வாசலில் அது, வெங்காயம் வதங்கும் உணவகத்தில் அது. சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன். தோசைக் கடையில் காப்பி வந்தது. டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் கீழே வைத்துவிட்டேன்.

"தம்பி, டிகாஷன் கருகிப்போச்சு."

பரிமாறுபவர் ஒரு முறை முகர்ந்து பார்த்தார். "காலைலேர்ந்து இதத்தான் எல்லாரும் குடிக்கிறாங்க அங்கிள். வேற போட்டுத் தரவா?"

வேறு வந்தது. அதுவும் நாறியது. சரோஜா என் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பக்கத்து வீட்டுல வருதுன்னு சொல்வீங்களே, அதே நாத்தமா?"

நான் பரிமாறுபவரைத் தேடுவது போலத் திரும்பினேன்.

"கேக்குறேன்ல."

"அதேதான்."

"அந்தப் பொண்ணு இன்னிக்குக் காலைல பாத்திரத்தையெல்லாம் பேப்பர்ல சுத்திக்கிட்டு இருந்தா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள். ரயிலில் ஏறியதும் கைப்பேசியில் மூக்கு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கினாள்.

மூக்கு மருத்துவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பேனா போன்ற குச்சிகளை ஒவ்வொன்றாக முகரச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்கள் தருவார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைன் மரம், டர்பன்டைன், அதிமதுர மிட்டாய் என்று போனது. திருச்சியில் பைன் மரத்தை நான் எங்கே போய் முகர்ந்தேன்? கோபத்தோடு குத்துமதிப்பாகச் சொன்னேன். காப்பியை எரிந்த டயர் என்றேன்.

"அங்கிள், மூக்குக்குள்ள கட்டி, அடைப்பு எதுவும் இல்ல. மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல வயரிங் மாறியிருக்கு. கோவிட்டுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படி."

வயரிங் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேலும் கேட்டேன். வீட்டுக்கு வந்தும் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மூக்கின் உச்சியில் மணம் பிடிக்கும் நரம்புச் செல்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும், மணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒரே ஒரு வகையைத்தான் தாங்குகிறது. மனிதருக்கு அப்படிச் சில நூறு வகைகள். ஒரு வகைச் செல்கள் ஒரே இடத்தில் கூடி இருப்பதில்லை, மற்ற வகைகளோடு கலந்து சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அவை அனுப்பும் இழைகள் சல்லடை போன்ற ஓர் எலும்பின் துளைகள் வழியாக மேலேறி, மூளையின் அடியில் உள்ள நுகர்ச்சிக் குமிழில், தங்கள் வகைக்கென்று உள்ள முடிச்சுகளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எந்தெந்த முடிச்சுகள் ஒன்றாக விழிக்கின்றன என்பதை வைத்தே மூளை, இது மல்லி, இது காப்பி என்று அறிகிறது. இழைக்கு வழிகாட்ட மேலதிகாரி யாரும் இல்லை. மணத்தைப் பிடிக்கும் அந்த ஏற்பிக்கே, இழை எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதிலும் பங்கு உண்டாம். எங்கள் தொலைபேசி இணைப்பகத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் நிறம், எண், வரைபடம் வைத்திருப்போம். அப்படியும் மாற்றிப் பொருத்தி, ஒருவர் வீட்டு மணி இன்னொருவர் வீட்டில் அடிக்கும்.

இந்தச் செல்கள் வெளிக்காற்றில் நேரடியாகத் திறந்திருப்பவை. சாகும், வாழ்நாள் முழுக்கப் புதிதாகப் பிறக்கும். சில செல்கள் மட்டும் மாறும்போது, புது இழை பழைய தோழர்களோடு சேர்ந்து தன் முடிச்சைக் கண்டுபிடித்துவிடுகிறது. நோயில் கூட்டமாக அழிந்துபோனால் புது இழைகள் தடுமாறி, வேறு முடிச்சில் போய்ப் பொருந்திவிடலாம். அப்போது மல்லியின் செய்தி எரிந்த ரப்பரின் கதவைத் தட்டும்.

"இதுதான் முழுக் காரணம்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லல" என்றார் மருத்துவர். "எங்களுக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். முதல் தடவை வயரிங் போடறது ஈசி அங்கிள். குழந்தை வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சுடும். அம்மா சாப்பிடற வாசனைகூட அதுக்குத் தெரியும்னு சொல்றாங்க. வயசான அப்புறம் ரீவயரிங்தான் கஷ்டம்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

தவறான வீட்டில் மணி அடித்தால், அழைத்தவரை ஊரைவிட்டுத் துரத்த மாட்டோம். கம்பியைச் சோதிப்போம். அதைச் செய்துதான் நான் வாழ்நாள் முழுக்கச் சம்பளம் வாங்கினேன்.

5

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். அதே நல்ல ஆங்கிலம், அதே முகவரி, மருத்துவச் சான்றும் இணைப்பு. புகாருக்கு அந்த வாரமே ஆள் அனுப்பியவர்கள் இதற்கு ஒரு தானியங்கிப் பதில் அனுப்பினார்கள்: உங்கள் விவகாரம் முடித்துவைக்கப்பட்டது, சேவை எப்படி இருந்தது, நட்சத்திரம் இடவும். ஒருவரைக் கிளப்பத் திறக்கும் கதவு, அவரைத் திரும்ப வைக்கத் திறப்பதில்லை. அந்தக் கதவை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் பழக்கியிருக்கிறோம்.

ஏஜென்டைக் கூப்பிட்டேன். அவரும் நம்மவர்தான்.

"அங்கிள், ஓனர் டிசைட் பண்ணிட்டாங்க லா. அந்தப் பையன்கிட்ட சொல்லியாச்சு, கீ வாங்கற டேட்கூட பேசியாச்சு. அடுத்து வர்றவங்களுக்கு லைட் குக்கிங்னு போட்டுடறேன். உங்களுக்கு இனிமே தொந்தரவே இருக்காது."

எனக்கு உதவி செய்வதாக நினைத்தே அதைச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர்கள் குடிவந்த பிறகு நான் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் முறை. உள்ளே பெட்டிகள். பிரபு டேப்பும் கையுமாக நின்றான். மருத்துவர் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். தப்பு என் மூக்கில், உங்கள் அடுப்பில் இல்லை என்றேன்.

"இத இப்ப வந்து சொல்றீங்க."

"எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க. கிச்சன் முழுக்க உங்களுக்கு. எவ்வளவு வேணா வறுத்துக்கலாம்."

அவன் டேப்பைக் கிழித்து ஒட்டினான். "நாளைக்கு எங்க பிள்ள நாறுதுன்னு உங்க மூக்கு சொன்னா என்ன அங்கிள் பண்ணுவீங்க? அதுக்கும் மெயில் போடுவீங்களா?"

உள்ளறையிலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது. "விடுங்க. வயசுல பெரியவங்க."

"பெரியவங்கதானே எழுதினாங்க" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒரு நாள் கதவத் தட்டி, உள்ள வந்து பாத்திருக்கலாம்ல? ஒரு டம்ளர் ரசம் குடுத்திருப்பா. வாயில வச்சதுமே கோளாறு எங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

 

உட்லண்ட்ஸில் அவனுக்கு ஒரு கட்டில் அளவு அறை கிடைத்தது. சமைக்கக் கூடாது. அவள் அங்கே என்ன சாப்பிடுவாள்? கர்ப்பம் முற்றினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் உடனே சிவகாசிக்குக் கிளம்பினாள். சேர்ந்து வாழ்வதற்கென்று வந்தவர்கள். அவர்களைக் கடலுக்கு இரண்டு பக்கமும் பிரித்துவைத்தது என் மூக்குகூட இல்லை. மூக்குக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது.

கிளம்பும் நாளில் தேன்மொழி சரோஜாவிடம் ஒரு பாட்டில் ரசப்பொடியைக் கொடுத்தாள். "பெட்டில வெயிட் கூடுது ஆன்ட்டி. வீணாப் போயிடும், வச்சுக்கோங்க" என்றாள். மன்னிப்பு என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. வெயிட் கூடியதால் கொடுத்தாள்.

6

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் நான்கு சிறிய பாட்டில்களை முகர்கிறேன். முகரும்போது அது என்ன மணமோ அதை நினைத்துக்கொள்ள வேண்டும், இழைகளுக்கு அது பயிற்சியாம். நான்கும் ஓரளவு சரியாகிவிட்டன. ஐந்தாவதாகத் தேன்மொழியின் பாட்டிலையும் வைத்திருக்கிறேன். மூடியைத் திறந்தால் இன்னும் எரிந்த ரப்பர்தான். மல்லியை நினைக்க முயல்கிறேன். மூடிய ஜன்னல்தான் நினைவுக்கு வருகிறது.

ஊரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. படம் சரோஜாவின் கைப்பேசிக்கு வந்தது. என் அழைப்பைப் பிரபு எடுப்பதில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

விளம்பரம் வந்த மறுநாள், அந்தப் பொடியைப் போட்டுச் சரோஜா ரசம் வைத்தாள். கடுகு வெடிக்கும்போது தாழ்வாரத்துப் பக்க ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தாள். வேண்டுமென்றுதான். எனக்கு ஒரு டம்ளர் ஊற்றித் தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மூச்சை அடக்காமல் குடித்தேன். சாக்கடை நாற்றம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய் சொல்லாதீங்க."

"என் மூக்கக் கேட்டுத்தான் இவ்வளவும் ஆச்சு. நீ சொல்லு, எப்படி இருக்கு?"

அவள் ஒரு வாய் குடித்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அப்போது ஜன்னலில் ஏஜென்டின் முகம் தெரிந்தது. பக்கத்து வீட்டைக் காட்ட யாரையோ அழைத்து வந்திருந்தார். "ஆன்ட்டி, கொஞ்ச நேரம் ஜன்னலச் சாத்துங்க லா. வீடு பாக்க வந்திருக்காங்க, ஸ்மெல் ஸ்ட்ராங்கா இருக்கு."

நான் டம்ளரோடு எழுந்து ஜன்னலருகே போனேன்.

"சாத்த மாட்டோம். நாத்தமா இருந்தா புகார் எழுதச் சொல்லுங்க. எங்க அனுப்பணும், என்ன வார்த்தை போடணும், எல்லாம் எனக்குத் தெரியும். நானே எழுதித் தர்றேன்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நகர்ந்துவிட்டார். நான் திரும்பி வந்து இன்னொரு டம்ளர் கேட்டேன். சரோஜா ஊற்றினாள். அதுவும் நாறியது. குடித்தேன்.